குடும்ப வழக்கும் அரசியற் கடமையும்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து தெற்கே சென்றால் நாவற்குடா. ஒருபுறம் வாவி, மறுபுறம் கடல். அரசியற் கருமமாக நாம் அங்கே கூடும்போதெல்லாம் மக்கள் தம் குறைகளைக் கூற வருவர். காணி உத்தரவுப்பத்திரம் கிடைக்காதோர் முதலில் வருவர். நெல்லின் விலை பற்றிப் பேசும் கமக்காரர் அடுத்து வருவர். யாவரும் கலைந்து சென்ற பின்னர், பிள்ளையைக் கையிற் பிடித்தபடி ஒரு தாய் வருவாள். “ஐயா, இது வீட்டு விசயம்” என்றுதான் அவள் பேச்சைத் தொடங்குவாள்.

வீட்டு விடயம் என்பதால் அது நாட்டு விடயம் ஆகாதா? அரசியலார் தலையிடத்தகாத அற்ப சங்கதியா? அல்லவே அல்ல. தமிழன் தன் நிலத்தை இழக்கலாகாது என மேடைதோறும் முழங்கும் நாம், தமிழ்த்தாய் ஒருத்தி தன் வளவையும் மகவையும் இழந்து நிற்கையில் வாளாவிருத்தல் எவ்வகையில் நீதியாகும்?

மட்டக்களப்புத் தமிழரின் நிலை தனித்தன்மை வாய்ந்தது. யாழ்ப்பாணத்தாரை ஆளும் தேசவழமை எம்மவருக்கு ஏற்புடைத்தன்று. தாய்வழிக் குடிமுறையை அடியாகக் கொண்ட முக்குவர் சட்டமே ஒருகாலத்தில் இங்கு வழங்கிற்று. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் வந்தபின் அது வழக்கொழிந்தது. சட்டம் மாறினும் வழக்கம் மாறவில்லை. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து, மருமகனை அவ்வீட்டுக்கு அழைப்பதே இன்றும் எம் ஊர்களின் முறை. இல்லறம் முறிந்தாலும் பெண்ணின் தலைக்குமேற் கூரை இருக்கட்டும் என்பதே இதனால் விளையும் நன்மை.

ஆனால் அக்கூரை உறுதியில் எவர் பெயரில் உள்ளது? 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாவலடி முதலாய கரையோரக் கிராமங்களை அழித்தது. புதிய காணியும் வீடும் வழங்கப்பட்டபோது, “குடும்பத் தலைவர்” என்னும் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு, பல இடங்களிற் கணவன் பெயரே எழுதப்பட்டது. தாய்வழி வந்த வளவு இவ்வாறு ஒரே கையொப்பத்திற் கைமாறிற்று. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்திலும், பின்னுரித்தாளர் நியமிக்கப்படாதவிடத்து ஆண்மக்களுக்கே முதலிடம் இருந்தது. அவ்வேற்றத்தாழ்வை நீக்கும் திருத்தம் வந்தது 2022ஆம் ஆண்டிலேதான்.

இனி விவாகரத்துச் சட்டத்தை நோக்குவோம். 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் மூன்றே மூன்று காரணங்களை ஏற்கின்றது: சோரம் போதல், வன்மமாய்க் கைவிடல், விவாக காலத்திலேயே இருந்த தீராத மலட்டுத்தன்மையன்று, தாம்பத்தியத்துக்கு இயலாமை. மனமொத்து வாழ இயலாத இருவர் ஒருவரையொருவர் பழியாது பிரிவதற்கு அங்கே இடமில்லை. ஏழாண்டு பிரிந்து வாழ்ந்ததைக் கூறும் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 608ஆம் பிரிவும் குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பிலிருந்து எவரையும் விடுவிக்காது என உயர் நீதிமன்றம் 1986இல் தீர்ப்பளித்தது.

விளைவு யாது? இருவரும் உடன்பட்டுப் பேசி வழக்கிடுதலைச் சட்டம் தடுக்கின்றது. உடன்படாது வழக்கிட்டாலோ, ஒருவர் மற்றவரைக் குற்றவாளியாக்கியே தீரவேண்டும். ஆகவே சாட்சிக் கூண்டேறிச் சத்தியம் செய்துவிட்டுப் பாதி மெய்யும் பாதி பொய்யும் கூறும் அவலம் நிகழ்கின்றது. சட்டத்தரணிகளாகிய நாமும் இதற்குத் துணைபோகிறோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளுகின்றோம். பழிசொல்லி முடிந்த வழக்கின் பின்னர், அதே இருவரும் தம் பிள்ளையின் படிப்பைப்பற்றி ஒன்றாயிருந்து பேசுவரென எதிர்பார்ப்பது பேதைமை.

பிள்ளையின் காவல் குறித்து உரோமன் ஒல்லாந்தச் சட்டம் தந்தைக்கே முதலுரிமை வழங்கிற்று. எனினும் நீதிமன்றங்கள் காலப்போக்கிற் பிள்ளையின் நலனையே தலையாய அளவுகோலாகக் கொண்டன. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. இருந்தும், “பிள்ளையைப் பறித்துவிடுவேன்” என்ற ஒரு மிரட்டலுக்கு அஞ்சித் தாபரிப்புப் பணத்தைக் கேளாதிருக்கும் தாய்மார் பலர். அவ்வச்சம் அறியாமையால் வருவது. தாபரிப்பு வேறு, காவல் வேறு. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தை நாட, விவாகரத்து வழக்கிடவேண்டிய தேவையே இல்லை. பதிவுத் திருமணத்திற் பிறவாத பிள்ளைக்கும் அவ்வுரிமை உண்டு. கொடுக்கத் தவறுவோரின் சம்பளத்திலிருந்தே பணத்தைப் பெறவும் வழியுண்டு. அடிக்கும் கணவனிடமிருந்து தப்ப, 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டப்படி பன்னிரண்டு மாதம்வரை பாதுகாப்புக் கட்டளை பெறலாம். இவ்வுரிமைகள் யாவும் ஏட்டில் உள. நாட்டில் எத்தனை பேர் அறிவர்?

போரிற் காணாமல் ஆக்கப்பட்டோரின் மனைவியர் துயரமோ இன்னுங் கொடிது. அவள் சுமங்கலியா, கைம்பெண்ணா? 2010ஆம் ஆண்டின் சட்டம் மரணச் சான்றிதழ் தர முன்வந்தது. கணவன் இறந்தான் என எழுதிக்கொடுக்க மனமொப்பாதவர்களுக்காக, 2016ஆம் ஆண்டுத் திருத்தம் காணாமற்போனமைச் சான்றிதழை ஏற்படுத்திற்று. எந்தத் தாளைப் பெறுவது, அதனால் எவ்வுரிமை கிட்டும், எது கிட்டாது என அவளுக்கு விளக்குவார் வேண்டும்.

விவாகரத்துக்கு வழிகாட்டினாற் குடும்பம் குலையும் என்பார் உளர். குலைந்த குடும்பமே எம்மிடம் வருகின்றது, நாம் குலைப்பதில்லை. இணக்கம் கூடுமாயின் இணக்குவதே எம் முதற் கடமை. கூடாதவிடத்து, வலியவன் எளியவளை வெறுங்கையோடு வீதிக்கு அனுப்பாது காப்பது அடுத்த கடமை.

ஆதலின் நாம் வேண்டுவன இவை. 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு மட்டக்களப்பிற் பணிசெய்கின்றது. எனினும் படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து வருவதற்கு ஒருநாட் கூலியை இழக்கவேண்டும். எனவே சட்டத்தரணிகள் மாதம் ஒருநாளேனும் கிராமத்து வாசிகசாலைக்குச் சென்று, கட்டணமின்றி ஆலோசனை கூறல் வேண்டும். கமக்காரப் பெருமக்கள், மகளுக்கு வீடு கொடுக்கும்போது வாய்ச்சொல்லோடு நில்லாது, அவள் பெயரிலேயே உறுதி முடித்தல் வேண்டும். கோயிலில் நடந்த கலியாணத்தைப் பதிவும் செய்தல் வேண்டும். எம் பாராளுமன்ற உறுப்பினர்கள், பழிசொல்லாமற் பிரிய இடந்தரும் விவாகரத்துச் சட்டத்தைக் கோரிக் குரலெழுப்பல் வேண்டும்.

வடக்குக் கிழக்கு நீதிமன்றங்களில் எம் மொழி வழங்கவேண்டுமெனப் போராடினோம். இன்று அது அங்கே வழங்குகின்றது. அம்மொழியிலே தன் வழக்கைச் சொல்ல ஒரு தாய்க்குத் துணைநிற்க மறுப்போமாயின், அப்போராட்டம் எவருக்காக? கூட்டம் கலைந்தபின் வருகின்ற அவளை, அடுத்த முறை கூட்டத்தின் முதல் வரிசைக்கு அழைப்போமாக.