மின்சாரமும் மலையும்

ஆர்.எஸ்.புரம் திவான் பகதூர் ரோட்டில் மாலை 6 மணிக்கு விளக்குகள் எரியத் துவங்குகின்றன. ஜவுளிக் கடைகளிலும் சிற்றுண்டிச் சாலைகளிலும் குளிர்சாதன யந்திரங்கள் முழங்குகின்றன. அதே வேளையில் கணபதியிலும் பீளமேட்டிலும் பட்டறைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆலைகளில் கதிர்கள் சுழன்றுகொண்டிருக்கின்றன. சூரியனோ மறைந்துவிட்டான், அவனிடமிருந்து கிடைத்துவந்த மின்சாரமும் அவனோடு போய்விட்டது. இரவு 10 மணி வரையுள்ள இந்த நான்கு மணி நேரந்தான் மின்சார இலாகாவுக்குப் பெரும் சோதனை. இந்த நேரத்தைச் சமாளிப்பதற்காகவே நீலகிரியில் சில்லஹல்லா என்னும் ஓடையின் குறுக்கே ஓர் அணையும், குந்தா ஆற்றின் குறுக்கே மற்றோர் அணையும் கட்ட வேண்டுமென்று சர்க்கார் யோசனை செய்திருக்கிறார்கள். மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரைக் கீழணையிலிருந்து மேலணைக்கு ஏற்றிவைப்பது. தட்டுப்படும்போது அதைத் திறந்துவிட்டு மின்சாரம் எடுப்பது. இதுதான் நீரேற்று மின் திட்டம். 1,000 மெகாவாட் கிடைக்கும் என்பது கணக்கு. அங்குள்ள கிராமத்தார் கூடாதென்கிறார்கள்.

இது மலைவாசிகளுக்கும் மின்சார இலாகாவுக்கும் உள்ள வழக்கு, நமக்கென்ன என்று கோவை ஜனங்கள் இருந்துவிடுவது முறையாகாது. அணை கேட்பது இலாகாவானாலும், மின்சாரம் கேட்பது நாம். வழக்கில் நாமும் ஒரு கட்சி.

கோயமுத்தூர் ஆலை நகரமானது பைக்காரா நதியால். 1888-லேயே இங்கே நூற்பாலை வந்துவிட்டதென்றாலும், 1929-ல் வேலை துவங்கி 1932-ல் முடிந்த பைக்காரா மின் திட்டத்துக்குப் பிறகுதான் ஆலைகள் வரிசையாக எழுந்தன. மலையுச்சியிலிருந்து சுமார் 3,000 அடி கீழே சிங்காரா மின் நிலையத்தில் விழுந்த தண்ணீர், கருங்கண்ணிப் பருத்தி விளைந்த கொங்கு நாட்டைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் ஆக்கிற்று. கிணறுகளில் கவலை மாடு போய் மோட்டார் வந்தது; மோட்டார் செய்யும் தொழிலும் நம் ஊரிலேயே வளர்ந்தது. குடிக்கும் நீரும் மலை கொடுத்ததே. இந்தப் பேட்டைக்கே பெயர் தந்த ரத்தினசபாபதி முதலியார் நகரசபைத் தலைவராயிருந்து பாடுபட்டுக் கொண்டுவந்த சிறுவாணித் தண்ணீரின் ருசியைப் பற்றி வெளியூராரிடம் பெருமையடிக்காத கோவைவாசியை நாம் கண்டதில்லை. (நாமும் அதற்கு விலக்கல்ல.) அந்த ருசி காட்டின் ருசி என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறோம்.

பைக்காரா நதி தோதவர்களுக்குத் தெய்வம். அதை அணைகட்டித் திருப்பியபோது அவர்களுடைய சம்மதத்தை நாடியவர் யார்? அன்று ஆண்டது அந்நிய சர்க்கார். ஜனங்களைக் கேட்டுக் காரியம் செய்வது அதன் சுபாவமன்று. இன்று நடப்பது நம்முடைய சர்க்கார். அன்றைய வழக்கத்தையே இன்றும் நடத்துவதானால், சுயராஜ்யத்தின் பலன் சமவெளியோடு நின்றுவிட்டது என்று மலையிலுள்ளவர்கள் சொல்வதற்கு நாம் என்ன பதில் கூறுவது?

மின்சாரம் வேண்டாமென்று நாம் கூற வரவில்லை. 2008 முதல் சில வருஷங்கள் இந்த ஜில்லா பட்ட பாடு நமக்கு ஞாபகமிருக்கிறது. 2012-ல் ஒரு நாளில் பாதி நேரம் மின்சாரம் கிடையாது. கடைவாசல்தோறும் டீசல் யந்திரம் புகை கக்கிற்று. அதை வாங்க முடிந்தவர்கள் பிழைத்தார்கள். இரண்டு கடைசல் யந்திரங்களை வைத்துக் கூலிக்கு வேலை செய்தவர்கள் பட்டறையைப் பூட்டினார்கள். விசைத்தறிக்காரர் நிலை சொல்லத் தரமன்று. வேலையில்லாத தொழிலாளியிடம் போய்க் காட்டின் அழகைப் பேசுவது அவனைப் பரிகசிப்பதாகும்.

ஆனால் காட்டைக் காப்பது அழகுக்காக மட்டும் அன்று. நீலகிரியின் சோலைகளும் புல்வெளிகளும் மழைநீரை உறிஞ்சி வைத்து, மாதக்கணக்கில் சிறுகச் சிறுக ஓடைகளில் விடுகின்றன. நாம் கட்டியுள்ள அணைகளுக்கெல்லாம் மேலான அணை அதுவே. அதைக் குலைத்தால் மழைக்காலத்தில் வெள்ளமும் கோடையில் வறட்சியுமே மிஞ்சும், மின்சாரமும் குறையும். 2009 நவம்பரில் அந்த மலை சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. இத்தகைய மலையில் புதிதாகச் சுரங்கம் குடைந்து இரண்டு அணைகள் எழுப்புவதென்றால், உருளைக்கிழங்கும் காரட்டும் தேயிலையும் பயிர்செய்து வாழ்கிறவர்கள் அஞ்சுவதில் வியப்பில்லை. அவர்களை முன்னேற்றத்தின் விரோதிகள் என்று தூற்றுவது அநியாயம்.

நீலகிரியின் மேற்குச் சரிவில் நடந்ததை இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். மௌனப் பள்ளத்தாக்கில் குந்திப்புழை ஆற்றை மறித்து 120 மெகாவாட் எடுக்கக் கேரள மின்சார போர்டு முனைந்தது. மின்சாரமில்லாமல் மலபார் முன்னேறாதென்றார்கள். சிங்கவால் குரங்குக்காக மனிதன் இருட்டில் கிடப்பதா என்றும் கேட்டார்கள். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தைச் சேர்ந்த ஆசிரியர்களும் விஞ்ஞானிகளும் வெறும் கூச்சல் போடவில்லை. கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, மலபாருக்கு வேண்டிய மின்சாரத்தை வேறெப்படிப் பெறலாம் என்று எழுதிக் காட்டினார்கள். 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. கேரளம் இருட்டில் மூழ்கிவிடவில்லை. அந்தக் காடு இன்றும் இருக்கிறது.

அதே முறையில் நம்முடைய கணக்கையும் பார்ப்போம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலையிலும் பல்லடத்திலும் வைகாசி முதல் புரட்டாசி வரை ஓயாமல் வீசுகிறது. தமிழ்நாட்டின் காற்றாலைகளின் மொத்த சக்தி 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. நம் ராஜ்யத்திலோ ஆடிக் காற்றில் காற்றாலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு போன வருஷங்கள் உண்டு! கம்பிகளால் தாங்க முடியவில்லை என்பது காரணம். வீசுகிற காற்றை வீணாக்கிவிட்டு மலையைக் குடைய ஓடுவது என்ன சிக்கனம்?

இன்னொன்று. காற்று நன்றாக வீசும் இடங்களையெல்லாம் 1990-க்குப் பின் முதன்முதலில் நட்ட சிறு காற்றாலைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பல 250 கிலோவாட்டுக்கு மேற்படாதவை. இப்போது வருகிற ஒரு யந்திரம் அப்படிப்பட்ட பத்துக்குச் சமம். பழையதை எடுத்துப் புதியதை நிறுத்த 2024-ல் சர்க்கார் ஒரு கொள்கை வகுத்தார்கள். அது விதித்த கட்டணங்களை ஆலைக்காரர்கள் ஆட்சேபித்தார்கள். கட்டணத் தகராறு பேசித் தீர்க்கக்கூடியது. மலைச்சரிவு அப்படியன்று. கூரைமேல் சூரியத் தகடு வைப்பவரிடம் வசூலித்த வலைப்பின்னல் கட்டணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். 2023 செப்டம்பர் 25-ந் தேதி சிறு தொழிற்சாலைகள் கதவடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு சில சலுகைகள் கிடைத்தன. தன் கூரையில் தானே மின்சாரம் எடுப்பவனுக்கு அபராதம் போடுவதுபோன்ற எதையும் அடியோடு எடுத்துவிடுவதே விவேகம்.

பம்ப்செட் விஷயத்தைத் தொட்டால் விவசாயிகள் சினங்கொள்வார்கள் என்பது தெரிந்தே எழுதுகிறோம். 1970-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்தவர்கள்மீது பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிரிழந்த விவசாயிகளைக் கொங்கு நாடு மறக்கவில்லை. இலவச மின்சாரத்தில் கைவைக்க நாம் யோசனை கூறமாட்டோம். ஆனால் பாதி மின்சாரத்தை வீணாக விழுங்கும் பழைய மோட்டார்களைச் சர்க்கார் தம் செலவிலேயே மாற்றிக் கொடுப்பதை யார் ஆட்சேபிக்கப் போகிறார்கள்? மோட்டார் செய்கிற ஊரே நம் ஊர்தானே.

இவ்வளவும் செய்தாலும் அந்த மாலை நான்கு மணி நேரத்துக்கு மின்சாரத்தைச் சேமித்து வைக்க ஒரு வழி வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனைமலையில் காடம்பாறை நீரேற்று மின் நிலையம் 1980-களின் இறுதியிலிருந்தே இருக்கிறது. அதன் சக்தி 400 மெகாவாட். நீலகிரியிலேயே, முன்னமே உள்ள போர்த்திமுந்து ஏரியையும் அவலாஞ்சி-எமரால்டு ஏரியையும் இணைத்து 500 மெகாவாட் எடுக்கும் குந்தா நீரேற்றுத் திட்டம் வருஷக்கணக்காகத் தாமதப்பட்டு வந்திருக்கிறது. இருக்கும் ஏரிகளை உபயோகிப்பது ஒன்று. புதிய பள்ளத்தாக்கை மூழ்கடிப்பது வேறொன்று. முன்னதை விரைந்து முடிப்பதை நாம் ஆதரிக்கிறோம். அதையே முடிக்காமல் பின்னதற்குக் கடைகால் தோண்டுவதை ஆதரிக்க முடியாது. மின்சாரத்தைச் சேமிக்கும் பாட்டரிகளின் விலையும் சரிந்து வருகிறது. சில்லஹல்லா வேலை முடியப் பல வருஷங்களாகும். அதற்குள் இந்தச் செலவு அவசியமாயிருக்குமா என்பதையும் பொறியியல் நிபுணர்கள் பகிரங்கமாகச் சொல்லட்டும்.

2006-ம் வருஷத்து விதிகளின்படி ஜனங்களின் கருத்தைக் கேட்க வேண்டியது கட்டாயம். அது பெரும்பாலும் எப்படி நடக்கிறதென்பது ஊரறிந்த ரகசியம்: படிக்க முடியாத தடித்த அறிக்கை, போலீஸ் பந்தோபஸ்து, மாலைக்குள் முடிவு. குந்தாவில் அப்படி நடக்கக்கூடாது. முழு அறிக்கையும் தமிழில் அச்சாகி, இரண்டு மாதம் முன்னதாகவே ஒவ்வொரு கிராமத்துக்கும் போய்ச்சேர வேண்டும். கூட்டம் கலெக்டர் காரியாலயத்தில் அல்ல, அந்த மலைக் கிராமங்களிலேயே கூடட்டும். கோவையிலுள்ள ஆலை முதலாளிகள் சங்கங்களும், தொழிற்சங்கங்களும், பட்டறைக்காரர் சங்கங்களும் தங்கள் பிரதிநிதிகளை மலைக்கு அனுப்பி, அங்குள்ளவர்கள் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்து கேட்டுவரும்படி சொல்ல வேண்டும். மின்சாரம் இறங்கிவருகிற வழியில் ஒரு நாளாவது நாம் ஏறிப்போகலாம்.