புகைக்கு ரசீது உண்டா?

தீபாவளி கழிந்தால் போதும், டில்லியில் வசிக்கும் நம்மவர் வீடுகளில் இருமல் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். என் ஏழு வயது மகனுக்கு இந்த மாதங்களில் நெபுலைசர் வைக்காமல் பல இரவுகள் கழிவதில்லை. காலையில் வேலைக்கு வந்தால், "வண்டி எத்தனை மணி நேரம் லேட்?" என்ற கேள்வி. "எல்லாம் பாகிஸ்தான் புகை" என்று பக்கத்து ஸீட் நண்பர் விஷயத்தை முடித்துவிடுகிறார்.

அவர் மட்டுமா? 2021 டிசம்பரில் உத்தரப் பிரதேச அரசின் வக்கீல் சுப்ரீம் கோர்ட்டிலேயே அப்படி வாதாடினார். பாகிஸ்தான் ஆலைகளுக்குத் தடை போடச் சொல்கிறீர்களா என்று தலைமை நீதிபதி ரமணா திருப்பிக் கேட்டார். 2024 நவம்பரில் லாகூர் மூச்சுத் திணறிப் பள்ளிகளை மூடியபோது, அங்குள்ளவர்கள் நம் பக்கத்துக் காற்றின்மேல் பழி போட்டார்கள்.

லாகூருக்கும் அமிர்தசரஸுக்கும் இடையே சுமார் 50 கிலோ மீட்டர்தான். இருபுறமும் அதே நெல், அதே கோதுமை. நெல் அறுத்துக் கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரமே அவகாசம். கூலி கொடுத்துத் தாளை அகற்றக் கட்டுப்படியாகாத விவசாயி தீ வைக்கிறார். மோட்டார் புகையும் செங்கற்சூளைப் புகையும் அதோடு சேர்கின்றன. குளிர்காலத்தில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின்மேல் வெப்பக் காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்வதால், புகை மேலே எழ வழியில்லை. காற்று திரும்பும் திசைப்படி இன்று அங்கே, நாளை இங்கே. இரு நாடுகளுக்கும் இடையே ஓடிய சம்ஜவுதா எக்ஸ்பிரஸ் 2019ல் நின்றுவிட்டது. புகை நிற்கவில்லை.

சரக்கு வண்டியில் வரும் மூட்டைக்கு ரசீது உண்டு. எந்த ஸ்டேஷனில் ஏற்றியது, எடை என்ன என்று சொல்லிவிடலாம். புகைக்கு ரசீது இல்லை. அதனால்தான் சண்டை தீரவில்லை.

தீர்த்தவர்கள் இருக்கிறார்கள். கனடாவில் டிரெயில் என்ற ஊரின் உருக்காலையிலிருந்து கிளம்பிய கந்தகப் புகை, எல்லை தாண்டி அமெரிக்க விவசாயிகளின் பயிரைக் கருக்கியது. இரு நாடுகளும் 1935ல் ஒப்பந்தம் செய்து நடுவர் மன்றம் அமைத்தன. விஞ்ஞானிகள் புகையை அளந்தார்கள். 1938ல் 78,000 டாலர் நஷ்டஈடு விதிக்கப்பட்டது. தன் மண்ணின் புகையால் அடுத்த நாட்டுக்குப் பெருங்கேடு செய்ய எந்த நாட்டுக்கும் உரிமையில்லை என்று 1941ல் தீர்ப்பும் வந்தது. பனிப்போர்ப் பகைக்கு நடுவிலும் 1979ல் ஜெனீவாவில் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஒரே புகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

காகிதம் மட்டும் போதாது என்பதும் உண்மை. காட்டுத்தீப் புகையைத் தடுக்கத் தென்கிழக்காசிய நாடுகள் 2002ல் செய்த ஒப்பந்தத்தை இந்தோனேசியா ஏற்றது 2014ல்தான். மறு ஆண்டே சிங்கப்பூரும் மலேசியாவும் மீண்டும் புகையில் மூழ்கின. இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்து ஒப்புக்கொண்ட 1998ஆம் ஆண்டு மாலே பிரகடனத்திலும் கட்டாயப்படுத்தும் ஷரத்து கிடையாது.

ஆகவே முதலில் அளவு வேண்டும். அமிர்தசரஸ் கருவி காட்டும் கணக்கு லாகூருக்கும், லாகூர் கணக்கு நமக்கும் தினமும் போய்ச் சேரட்டும். இதற்கு எல்லைக் கோட்டை மாற்ற வேண்டியதில்லை, யாரும் தலை குனியவும் வேண்டாம். கூடவே, டில்லி வாகனங்கள் கக்கும் புகைக்கு நாமே கணக்குக் காட்ட வேண்டும். நம் முற்றத்தைப் பெருக்காமல் அடுத்த வீட்டுக் குப்பையைச் சுட்டிக்காட்டினால் யார் கேட்பார்கள்?

இரவில் இருமும் பிள்ளைக்கு, புகை எந்த நாட்டிலிருந்து வந்தால் என்ன?