கொடுக்கும் கையும் கேட்கும் வினாவும்

அறிவுக்கு எல்லை இல்லை என்று மேடைதோறும் முழங்கி வருகிறோம். அந்த அறிவைத் தேடுவோனுக்கும் வயிறு உண்டு, வீட்டில் மனைவி மக்கள் உண்டு, ஆய்வுக்கூடத்திற்கு மின்கட்டணம் உண்டு என்பதை மட்டும் நாம் மேடையில் பேசுவதில்லை. பன்னாட்டு ஆய்வு நல்கைகளையும் உதவித்தொகைகளையும் பற்றி எழுத முற்படும்போது இதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை எனக் கருதுகிறோம். பணம் இன்றி அறிவியல் இல்லை. ஆகவே, பணம் வாங்கலாமா என்பதன்று நம் வினா. எந்த வினாவுக்கு விடை தேடச் சொல்லி அப்பணம் தரப்படுகிறது என்பதே நம் வினா. தருபவர் ஒரு நாட்டின் பாதுகாப்புத் துறையாகவோ படைக் கூட்டணியாகவோ இருப்பின் அவ்வினா மேலும் கூர்மை பெறுகிறது.

1957 அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை விண்ணில் ஏவிற்று. மேலை நாடுகள் திடுக்கிட்டன. தம் அறிவியல் பின்தங்கிவிட்டதோ என்னும் அச்சம் அவற்றைப் பற்றிக்கொண்டது. அந்த அச்சத்தின் சூட்டிலேயே நேட்டோ என்னும் படைக் கூட்டணி ஓர் அறிவியல் குழுவை அமைத்தது. 1958இல் அது பணியைத் தொடங்கிற்று. பிற்காலத்தில், 1989இல், இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற நார்மன் ராம்சே அதன் முதல் அறிவியல் ஆலோசகராய் அமர்ந்தார். இளம் ஆய்வாளர் பிற நாடு சென்று பயில உதவித்தொகையும், அறிஞர்கள் கூடிப் பயிற்றும் உயர்நிலைப் பயிலரங்குகளும் அக்குழுவின் கொடைகளாயின. வியப்பு யாதெனில், அப்பணத்தின் பெரும்பகுதி பீரங்கிக்கோ ஏவுகணைக்கோ செல்லவில்லை. அடிப்படை அறிவியலுக்கே சென்றது. 1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் அக்குழு கூட்டிய மாநாடுதான் 'மென்பொருள் பொறியியல்' என்னும் பெயரை உலகறியச் செய்தது. இன்று கணினித்துறை மாணவர்கள் தேர்வுக்கு விழுந்து விழுந்து படிக்கும் பாடத்தின் பெயர் ஒரு படைக் கூட்டணியின் செலவில் பரவியது என்றால் நம்புவோர் எத்தனை பேர்!

இதனால் படைத்துறைப் பணம் எல்லாம் நற்பணம் என்று முடிவு கட்டிவிடலாகாது. 1964ஆம் ஆண்டில் அமெரிக்கத் தரைப்படை 'கேம்லாட்' என்னும் பெயரில் ஓர் ஆய்வுத் திட்டத்தை வகுத்தது. வளரும் நாடுகளில் உள்நாட்டுக் கிளர்ச்சி ஏன் எழுகிறது, அதை அந்நாட்டு அரசுகள் எவ்வாறு தடுக்கலாம் என்று சமூகவியலாரையும் மானிடவியலாரையும் கொண்டு ஆராய்வதே அதன் நோக்கம். அப்போது சிலி நாட்டின் சாந்தியாகோவில் பணியாற்றிக்கொண்டிருந்த நார்வே அறிஞர் யோஹான் கால்டுங் அதற்கு அழைக்கப்பெற்றார். திட்டத்தின் புரவலர் யார், அதன் கேள்வி எவர் பக்கம் நின்று கேட்கப்படுகிறது என்பதை அறிந்த அவர் வர மறுத்தார். அதே காலத்தில், படைத்துறையின் பெயரை மறைத்து அத்திட்டத்திற்கு ஆதரவு தேட முயன்ற செயலும் வெளிப்பட்டது. சிலி நாட்டு நாடாளுமன்றம் வரை குமுறல் எழுந்தது. 1965 ஜூலையில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா திட்டத்தைக் கைவிட்டார். அதன் பின்னும் பல ஆண்டுகள், கையில் குறிப்பேட்டுடன் சென்ற நேர்மையான ஆய்வாளர்களையும் அக்கண்டத்து மக்கள் ஐயத்துடன் நோக்கினர் என்பதுதான் நம்மை வருத்துவது. ஒருவர் மறைத்த பெயருக்கு ஒரு துறையே தண்டம் செலுத்திற்று.

தானமாகக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பது நம் ஊர்ப் பழமொழி. ஆய்வு நல்கையைப் பொறுத்தவரை பல்லைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும் என்போம். எனினும் பசித்து நிற்பவனிடம் இதைச் சொல்லும் தகுதி நமக்கு உண்டா? இந்த இடத்தில்தான் நம் எண்ணம் தடுமாறுகிறது.

1991 இறுதியில் சோவியத் ஒன்றியம் சிதைந்தது. நிலப்படத்திலேயே இடம்பெறாத மூடிய நகரங்களில் அணு ஆயுதம் சமைத்துக்கொண்டிருந்த அறிஞர்களுக்கு மாதக்கணக்கில் ஊதியம் வரவில்லை. அந்நகரங்களுள் ஒன்றான ஸ்னெஷின்ஸ்கில், அணு ஆய்வு மையத்தின் இயக்குநர் விளாடிமிர் நெச்சாய், தம் ஊழியர்க்கு ஊதியம் தர இயலாத நிலையில் 1996 அக்டோபரில் தம் அறையிலேயே துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு மாண்டார். ஒரு வல்லரசின் குண்டைக் காத்தவர் கூலி கொடுக்க வழியின்றி உயிர் விட்டார் எனும் செய்தியைப் படித்தபின் 'கொள்கை' என்னும் சொல்லை எளிதாக உச்சரிக்க நமக்கு மனம் வரவில்லை.

அந்நாளில் இரண்டு கைகள் நீண்டன. ஒன்று, செல்வர் ஜார்ஜ் சோரஸ் 1992இல் பத்துக் கோடி டாலரில் நிறுவிய பன்னாட்டு அறிவியல் அறக்கட்டளை. அது இருபதாயிரத்திற்கும் மேற்பட்ட அறிவியலார்க்கு ஆளுக்கு 500 டாலர் வழங்கிற்று. அன்றைய ரஷ்ய விலைவாசியில் அது பல மாத ஊதியத்திற்கு நிகர். தகுதி யாதெனில், அண்மை ஆண்டுகளில் முன்னணி ஆய்விதழ்களில் சில கட்டுரைகள் வெளிவந்திருக்க வேண்டும், அவ்வளவே. பரிந்துரைக் கடிதம் இல்லை, பெரிய மனிதர் வாசலில் காத்துக்கிடத்தல் இல்லை. (நம் நாட்டில் விண்ணப்பம் நிரப்பிக் களைத்த ஆசிரியப் பெருமக்கள் இவ்வரியை இருமுறை படிப்பர் என அறிவோம்.) ஆயினும் 1995இல் ரஷ்ய எதிருளவுத் துறை அவ்வறக்கட்டளையை ஒற்றர் கூடம் எனப் பழித்தது.

மற்றொன்று, அமெரிக்கா, ஐரோப்பிய சமூகம், ஜப்பான், ரஷ்யா ஆகியன 1992இல் உடன்படிக்கை செய்து, 1994இல் மாஸ்கோவில் பணி தொடங்கிய பன்னாட்டு அறிவியல் தொழில்நுட்ப மையம். ஆயுதம் செய்த கைகளை அமைதிப் பணிக்குத் திருப்புவதும், அவர்தம் அறிவு வேறு நாடுகளுக்கு விலைபோகாமல் தடுப்பதும் அதன் நோக்கம். பணம் அதிகாரிகளின் கைவழியே கசியாமல் அறிவியலாரின் வங்கிக் கணக்கிற்கே நேரே சென்றது. இது மிகச் சிறந்த ஏற்பாடு என்பதே நம் கருத்து. குறையும் இல்லாமல் இல்லை. இதையொத்த ஓர் அமெரிக்கத் திட்டத்தை ஆராய்ந்த அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம், பயன்பெற்றோருள் பாதிக்கு மேற்பட்டோர் ஆயுதப் பணியில் இருந்ததாகவே தெரிவிக்கவில்லை என 2007இல் சுட்டிக்காட்டியது. ஆயுதம் செய்யாதவனும் பசித்தே இருந்தான் என்பதால் அதை நாம் பெரும் பிழையாகக் கொள்ளவில்லை.

நாம் பிழையாகக் கொள்வது வேறொன்று. அச்சத்தில் பிறந்த நல்கை, அச்சம் முகம் மாறும்போது தானும் மாறிவிடுகிறது. 2014இல் உக்ரைன் நெருக்கடியை அடுத்து நேட்டோ ரஷ்யாவுடனான நடைமுறை ஒத்துழைப்பை நிறுத்திற்று. அதில் அறிவியலும் அடங்கும். 2015இல் ரஷ்யா அம்மையத்திலிருந்து விலக, அது கஜகஸ்தானுக்கு இடம்பெயர்ந்தது. கூட்டாய்வைப் பாதியில் வைத்திருந்தவர்களை எவரும் கலந்துகொண்டதாகத் தெரியவில்லை.

இதற்கு மாறான ஏற்பாட்டை இத்தாலியின் திரியெஸ்த் நகரில் காண்கிறோம். கேம்பிரிட்ஜில் பயின்று 1951இல் லாகூருக்குத் திரும்பிய அப்துஸ் சலாம், பேசுவதற்குத் துறைவல்லார் ஒருவரும் இன்றித் தனித்து வாடி, 1954இல் மீண்டும் கேம்பிரிட்ஜுக்கே சென்றார். நாட்டில் இருந்தால் அறிவியலை இழக்க வேண்டும். அறிவியலில் இருந்தால் நாட்டை இழக்க வேண்டும். அந்த நோவை மறவாத அவர், 1964இல் திரியெஸ்தில் கோட்பாட்டு இயற்பியல் மையத்தைத் தொடங்கியபோது, வளரும் நாட்டு அறிஞர் சில ஆண்டுகளுக்குள் பலமுறை வந்து சில வாரங்கள் தங்கி ஆராய்ந்துவிட்டுத் தம் ஊருக்கே திரும்பும் உறுப்புரிமை முறையை வகுத்தார். எந்த வினாவை ஆராய்வது என்பதை வருபவரே முடிவு செய்வார். உலகில் உள்ள நல்கைகளுள் நம் மனத்திற்கு உகந்தது இதுவே.

தமிழ்த்துறை மாணவர்கள், இது அறிவியலார் பேச்சு என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. ஸ்புட்னிக் எழுப்பிய அதே அச்சத்தில் அமெரிக்கா 1958இல் 'தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம்' இயற்றிப் பிறநாட்டு மொழிகளைப் பயில்வோர்க்கு உதவித்தொகை வழங்கிற்று. அம்மொழிகளுள் தமிழும் ஒன்று. பாதுகாப்பு என்னும் பெயர் தாங்கிய பணத்தில், கடல் கடந்த பல்கலைக்கழக வகுப்பறைகளில், இளைஞர்கள் நம் உயிரெழுத்துகளை எழுதிப் பழகினர். தமிழில் எதைப் படிக்கவேண்டும் என்று அச்சட்டம் அவர்களுக்கு விதிக்கவில்லை. அவர்களுட் சிலர் சங்க இலக்கியத்தில் போய் நின்றனர்.