கடலுக்கு அப்பால் ஒரு வட்டிக்கடை

கல்கத்தா எல்ஜின் சாலை வீட்டிலிருந்து 1941 ஜனவரியில் மறைந்து சென்ற சுபாஷ் சந்திர போஸ், 1943 ஜூலையில் சிங்கப்பூரில் தோன்றி இந்திய தேசிய ராணுவத்துக்கு (ஐ.என்.ஏ.) ஆள் திரட்டியபோது, துப்பாக்கி ஏந்த முன்வந்தவர்களில் மலேயாத் தமிழர் எத்துணைப் பெருந்தொகையினர் என்பதை, அவருடைய ஜயந்தியை ஆண்டுதோறும் கொண்டாடும் இந்தக் கல்கத்தா நகரம் போதிய அளவு நினைப்பதில்லை. அத்தமிழர்களின் அந்தரங்கத்தை எழுதிவைத்த ப. சிங்காரத்தையோ, தமிழ் வாசகர்களாகிய நாமே பாதிதான் வாசித்திருக்கிறோம்.

'புயலிலே ஒரு தோணி'யைப் போற்றுகிறவர்கள், அதற்கு முன்பே அவர் எழுதி, கலைமகள் பரிசு பெற்று 1959இல் வெளியான 'கடலுக்கு அப்பால்' நாவலைப் பெரிய கிரந்தத்துக்கான ஒத்திகை என்று ஒதுக்குவது எனக்குச் சம்மதமில்லை.

சிங்கம்புணரியில் பிறந்து, 1938இல் சுமத்ரா தீவின் மெடான் நகருக்கு வட்டிக்கடை வேலைக்குச் சென்ற சிங்காரம், 1946இல் நிரந்தரமாக ஊர் திரும்புமுன் ஜப்பானிய ஆட்சி முழுவதையும் அங்கே கண்டவர். யுத்தம் வந்ததும் நாகப்பட்டினத்துக் கப்பல் நின்றது, கடிதம் நின்றது. ஊருக்குப் போகும் வழியாயிருந்த கடல் தாண்டமுடியாத மதிலாயிற்று. அந்த அடைபட்ட ஜீவிதமே, ஜலசந்தியின் எதிர்க்கரையில் பினாங்குத் தீவில் நிகழும் இக்கதையின் கரு என்று நான் கருதுகிறேன்.

தரையில் அமர்ந்து, மரப்பெட்டியின் மேல் பேரேட்டை விரித்துக்கொண்டு, பெட்டியடிப் பையனாகத் தொடங்கி அடுத்தாளாகி மேலாளாவதே வாழ்வின் கிரமம் என்றிருந்த அவ்வுலகத்துக்கு, நேதாஜி படையிலிருந்து திரும்பி வருகிறான் செல்லையா. முதலாளி வயிரமுத்துப் பிள்ளையின் மகள் மரகதத்தின்மீது பிரியம் வைத்திருக்கிறான். பட்டாளத்துக்குப் போனவன் இனிக் கடைக்கு உதவான் என்பது பிள்ளையின் தீர்மானம். அவரைக் கொடியவராகச் சித்திரிப்பது எளிது. சிங்காரம் அதைச் செய்யவில்லை. சுற்றமும் சொந்த ஊரும் கண்காணாத் தொலைவில் இருக்க, கடையின் ஒழுங்கே அவருக்குக் குலாசாரமாகிவிட்டது. மரணத்துக்கு அஞ்சாத செல்லையாவும், கடைசியில், அவளை விட்டுக்கொடுத்து விலகுகிறான். அவ்விலகலை நிதானமாக, ஆரவாரமின்றி எழுதிய பக்கங்களுக்கு ஈடாகத் தமிழில் அதிகம் இல்லை.

ஐ.என்.ஏ. கைதிகளுக்காக 1945 நவம்பரிலும் 1946 பிப்ரவரியிலும் கல்கத்தா வீதிகள் கொந்தளித்ததைச் சரித்திரம் சொல்கிறது. அப்படையினர் பழைய பேரேட்டின் முன் மறுபடி உட்கார நேர்ந்தபோது பட்ட வேதனையை இந்த நாவல் சொல்கிறது. இரு நாவல்களும் ஒரே தொகுதியாகவும் வெளிவந்திருக்க, பின்பகுதியைத் திறவாமல் மூடிவைக்க நியாயமில்லை. அதனை வங்காளி வாசகர் கையில் சேர்ப்பிக்கும் காரியத்தை, இரு பாஷையும் அறிந்த கல்கத்தாத் தமிழர்களே ஏற்றுச் செய்ய வேண்டும்.