காஞ்சி தந்த அணி நூலும் பெங்களூர்ப் பிள்ளைகளும்

பெங்களூரில் கன்னடம் படிக்கும் தமிழ்ப் பிள்ளை, உயர்நிலைப் பள்ளியில் 'அலங்காரம்' என்ற பகுதிக்கு வந்து சேருகிறது. உபமே, ரூபக, உத்ப்ரேக்ஷே, திருஷ்டாந்த, அர்த்தாந்தரன்யாச என்று பெயர்கள் அணிவகுத்து வருகின்றன. அதே பிள்ளை தமிழையும் படித்தால் உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம், எடுத்துக்காட்டு உவமை, வேற்றுப்பொருள் வைப்பு என்று இன்னொரு பட்டியல். இரண்டையும் தனித்தனியே நெட்டுருப் போட்டு, தேர்வு முடிந்த மறுநாளே இரண்டையும் மறந்துவிடுகிறது. இவ்விரண்டு பட்டியலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று எடுத்துச் சொல்லும் ஆசிரியர் அரிது.

அந்த வீடு இருந்தது காஞ்சிபுரத்தில். பல்லவர் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 700-ஐ ஒட்டி, அங்கே வாழ்ந்த தண்டி என்பவர் வடமொழியில் 'காவியாதரிசம்' எழுதினார். அதைத் தழுவிக் கன்னடத்தில் 9-ஆம் நூற்றாண்டில் 'கவிராஜமார்க்கம்' பிறந்தது. இராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கனின் அவையில் உருவான நூல் அது. இன்று கிடைக்கும் கன்னட நூல்களில் அதுவே மூத்தது. தமிழில் 11-ஆம் நூற்றாண்டு வீரசோழியத்தின் அலங்காரப் படலம் தண்டியைப் பின்பற்றியது. அடுத்த நூற்றாண்டில் தண்டியலங்காரம் 35 பொருளணிகளை வகுத்துச் சொன்னது. சிங்களத்துக்கும் திபெத்துக்கும்கூட இந்நூல் போயிற்று. காவிரிக்கு இக்கரையிலும் அக்கரையிலும் ஒரே இலக்கணம் நடந்திருக்கிறது, தண்ணீருக்குத்தான் தகராறு.

இதைச் சொன்னால் நம்மவர் சிலருக்கு முகம் சுருங்கும். வடமொழியிலிருந்து வாங்கினோம் என்று ஒப்புக்கொள்வதா என்பார்கள். வாங்கியதை வாங்கியது என்று சொல்வதில் இழுக்கு ஒன்றுமில்லை. தண்டியலங்காரத்துக்குப் பல நூற்றாண்டு முன்னரே தொல்காப்பியம் உவமைக்கென்று தனி இயல் வகுத்து, வினை, பயன், மெய், உரு என நான்கு வழிகளில் ஒன்றை ஒன்றோடு ஒப்பிடலாம் என்றது. புலிபோலப் பாய்ந்தான் என்றால் வினை. மழைபோலக் கொடுத்தான் என்றால் பயன். துடிபோன்ற இடை என்றால் மெய், அதாவது வடிவம். பவளம்போன்ற வாய் என்றால் உரு, அதாவது நிறம். பத்து வயதுப் பிள்ளைக்கும் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். உள்ளுறையும் இறைச்சியும் இன்னும் நுட்பமானவை. குளத்து மீனையும் கரையிலுள்ள நாரையையும் பற்றிப் புலவர் பேசிக்கொண்டே போவார். கேட்பவருக்குத் தலைவனின் குணம் புரிந்துவிடும். இந்தச் செல்வம் கையில் இருக்கும்போது கடன் வாங்கிய கணக்கை மறைக்க வேண்டிய அவசியம் என்ன?

வாங்காமலே இரு மொழிக்கும் பொதுவாக இருப்பது இன்னொன்று. தமிழில் அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றிவந்தால் எதுகை. கன்னடத்தில் அதற்குப் பெயர் ஆதிப்பிராசம். அங்கும் இரண்டாம் எழுத்துத்தான் ஒன்ற வேண்டும். நாடு, காடு, வீடு என்று தமிழ்ப் பிள்ளை அடுக்கினால், நாடு, காடு, பீடு என்று கன்னடப் பிள்ளை அடுக்கும். தெலுங்கிலும் இவ்வழக்கம் உண்டு. வடமொழிச் செய்யுளுக்கு இது விதியே அல்ல. கவிராஜமார்க்கம் தண்டியைத் தழுவியும், இந்தப் பிராசத்தைத் தன் மொழிக்குரிய அழகு என்று எடுத்துப் பேசுகிறது. 20-ஆம் நூற்றாண்டில் மஞ்சேசுவரம் கோவிந்த பை போன்ற கவிஞர் அதைக் கைவிட முற்பட்டபோது கன்னட உலகில் பெரிய விவாதமே நடந்தது. தமிழில் புதுக்கவிதை வந்தபோது எழுந்த சச்சரவை நினைத்துக்கொண்டால் போதும்.

சரி, இதையெல்லாம் பிள்ளைகள் எதற்குக் கற்க வேண்டும்? இங்கே பாடம் நடக்கும் விதத்தில்தான் கோளாறு. 'தற்குறிப்பேற்ற அணியாவது யாது?' என்று கேட்டு, இயல்பாக நிகழும் செயலின்மீது புலவன் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது என்று எழுத வைத்து இரண்டு மதிப்பெண் கொடுத்துவிடுகிறோம். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் அசைகின்றன. கோவலனை உள்ளே வரவேண்டாம் என்று அவை கையசைத்துத் தடுப்பதாக இளங்கோ காட்டுகிறார். காற்றடித்தால் எந்தக் கொடியும் அசையும். ஆனால் கோவலனுக்கு நேரப்போவது தெரிந்த வாசகனுக்கு, அந்தக் கொடி வெறும் கொடியாக இருப்பதில்லை. அந்த இடத்தில் பிள்ளையை ஒரு நிமிடம் நிறுத்தி, கொடி ஏன் அப்படிச் செய்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். பெயர் பிறகு வரட்டும். பெயரை முன்னே தள்ளி உணர்ச்சியைப் பின்னே விடுவதால்தான் அணி என்றாலே கசப்பு வந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் இது மதிப்பெண் விஷயம். இங்கே அப்படியல்ல. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைக்குத் தமிழ் காய்கறி வாங்கவும் பாட்டியிடம் பேசவும் மட்டும் என்று சுருங்கிவருகிறது. திரைப்பாட்டு புரியும், ஒரு குறள் புரியாது. அணி தெரியாதவனுக்குக் குறளில் பாதி மூடிய கதவுதான். அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை 18 ஆண்டு காத்திருந்து 2009-இல் திறக்கப்பட்டது. அதே மாதம் சென்னையில் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. மாலை போடப் போகும் கூட்டத்தில், சர்வக்ஞரின் மூன்றடிப் பாட்டையும் வள்ளுவரின் இரண்டடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தவர் எத்தனை பேர்?

வீட்டில் தமிழ் பேசி வளர்ந்து கன்னடத்தில் எழுதியவர் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார். 1983-க்கான ஞானபீடப் பரிசு அவருக்குக் கிடைத்தது. இரண்டு மொழி ஒரு தலையில் இருந்தால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும் என்று அஞ்சும் பெற்றோர் அவரை நினைத்துப் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்தும் சங்கத்தார் செய்யக்கூடியது சின்ன வேலைதான். ஒரே தாளில் இடப்பக்கம் தமிழ்ப் பெயர், வலப்பக்கம் கன்னடப் பெயர், நடுவே பிள்ளைகளே தங்கள் பேச்சிலிருந்து பிடித்துவந்த உதாரணம். 'அம்மா பம்பரமாய்ச் சுழல்கிறாள்', 'கணக்கு வாத்தியார் எரிமலை' என்று பத்துப் பதினைந்து எழுதிவிட்டால் உவமையும் உருவகமும் வேறு வேறு என்பது தானே பிடிபடும். படியெடுக்க ஆகும் செலவு ஆண்டு விழாப் பொன்னாடை ஒன்றின் விலைகூட வராது. பக்கத்து வீட்டுக் கன்னடப் பிள்ளைகளையும் உட்கார வைத்தால் வலப்பக்கத்தை அவர்களே நிரப்பித் தருவார்கள்.