சனலைத் தனியாக வாங்கும் உரிமையும் அதற்குள் இருக்கும் பொறியும்

வீட்டில் பார்ப்பது நாலைந்து தமிழ்ச் சனல்கள். மாதம் மாதம் காசு கட்டுவதோ பெயர்கூடத் தெரியாத பல சனல்கள் நிறைந்த ஒரு பக்கேஜுக்கு. பார்க்கிற சனலுக்கு மட்டும் கட்டினால் போதாதா என்று வடக்கு கிழக்கில் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இதையே சட்டமாக்கிய இந்தியாவில் நடந்ததைப் பார்த்த பிறகு எனக்கு அந்த ஏற்பாட்டில் முழு நம்பிக்கை இல்லை.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2017 மார்ச்சில் புதிய கட்டண விதிகளைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கட்டணச் சனலுக்கும் தனி விலை அறிவிக்க வேண்டும். விரும்பியதை மட்டும் வாங்கலாம். 100 சனல்கள் கொண்ட அடிப்படை இணைப்புக்கு அப்போது வரி நீங்கலாக 130 ரூபா. 19 ரூபாவுக்கு மேல் விலையுள்ள சனலைத் தொகுப்பில் சேர்க்க முடியாது. வழக்குகள் முடிந்து 2019 பெப்ரவரியில்தான் இது நடைமுறைக்கு வந்தது.

பொறி தள்ளுபடியில் இருந்தது. தொகுப்புக்கு 15 வீதத்துக்கு மேல் தள்ளுபடி கொடுக்கக் கூடாது என்ற விதியை 2018 இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. பிறகென்ன, மக்கள் விரும்பும் சனல்களுக்கு உச்சவிலையான 19 ரூபாவையே வைத்து, தொகுப்பை மலிவாக்கிவிட்டார்கள். உதாரணத்துக்கு, மூன்று சனல்களைத் தனித்தனியே வாங்கினால் 57 ரூபா. அவற்றோடு இன்னும் ஏழு சேர்ந்த தொகுப்பு 40 ரூபா என்றால் யார் தனியாக வாங்குவார்கள்? உரிமை கடதாசியில் இருந்தது. தள்ளுபடிக்கு 33 வீத எல்லை வைத்து 2020 இல் விதியைத் திருத்தினார்கள். 2022 இல் அதை 45 வீதமாகத் தளர்த்தினார்கள்.

நமக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தனித் தெரிவை மட்டும் நம்பினால் சின்னத்திரைத் தொடர் போடும் பெரிய சனல்கள்தான் பிழைக்கும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் தொடர் போராட்டத்தையோ காணி விடுவிப்பையோ தொடர்ந்து காட்டும் ஒரு சிறிய உள்ளூர்ச் சனலுக்கு எத்தனை பேர் தனியாகக் காசு கட்டுவார்கள்? நாடகத்துக்குக் கட்டுவோம், உண்மையைச் சொன்னால் இதற்குக் கட்டமாட்டோம். அப்படிப்பட்ட சனலைப் பக்கேஜ்தான் வீட்டுக்குள் கொண்டுவருகிறது.

நம்மவர்கள் பெருமளவில் வாழும் கனடா இதை ஓரளவு யோசித்துச் செய்தது. 2016 மார்ச்சிலிருந்து 25 டொலருக்கு மேற்படாத அடிப்படைச் சேவையை நிறுவனங்கள் வழங்க வேண்டியிருந்தது. உள்ளூர், கல்விச் சனல்கள் அதற்குள்ளேயே இருக்கும். அதற்கு மேலானவற்றை அந்த ஆண்டு டிசம்பருக்குள் தனியாகவும் சிறு தொகுப்பாகவும் கொடுக்க வேண்டும் என்றது அந்நாட்டு ஆணைக்குழு.

இலங்கையிலும் வெறுமனே "தனியாகக் கொடு" என்று கேட்பது போதாது. நமது பிரதேசச் செய்தியைத் தரும் தமிழ்ச் சனல்கள், எந்த மொழிப் பக்கேஜ் எடுத்தாலும், மிகக் குறைந்த கட்டண அடுக்கிலேயே இருக்க வேண்டும். திரைப்படம், விளையாட்டு, நாடகம் எல்லாம் அவரவர் தெரிவு. தொகுப்புத் தள்ளுபடிக்கும் எல்லை வேண்டும். அடுத்த முறை பக்கேஜ் விலை கூடும்போது நுகர்வோர் அமைப்புகளும் நமது நாடாளுமன்ற உறுப்பினர்களும் இந்த மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும்.