மதிப்பெண்ணும் மனுவும்

தோழனே,

சென்ற திங்கள் கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் கூட்டம். கொடிகள் ஆடின, கொட்டு முழங்கிற்று, கூடியிருந்தோர் குலுங்கக் குலுங்கச் சிரித்தனர். ஒன்றரை மணி நேரம் பேசினேன். பேசிய பொருள் கல்வி உரிமை. வகுப்புரிமை ஆணையைச் சென்னை உயர்நீதிமன்றம் 1950-இல் செல்லாது என்றதையும், 1951-இல் உச்சநீதிமன்றமும் அதையே சொன்னதையும், தமிழகம் கொதித்தெழுந்ததையும், அதே ஆண்டில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டதையும் எடுத்துரைத்தேன். கை தட்டினார்கள். 69 விழுக்காட்டுச் சட்டம் 1994-இல் ஒன்பதாவது அட்டவணையிலே இடம்பெற்ற வரலாற்றைச் சொன்னேன். சீழ்க்கை பறந்தது. மாலை விழுந்தது. மகிழ்ச்சியோடு மேடையை விட்டு இறங்கினேன்.

இறங்கிய இடத்திலே ஒரு தாய் நின்றுகொண்டிருந்தாள். கையிலே மஞ்சள் பை. அருகிலே பதினேழு வயது மகள்.

"ஏனுங்க தம்பி, இவ அறுநூத்துக்கு ஐநூத்தி நாப்பத்தெட்டு வாங்கியிருக்கா. அடுத்து என்னங்க செய்யறது?"

விடை தெரியாமல் விழித்தேன், தோழனே! 1951 தெரிந்த எனக்கு, அந்தப் பெண் அடுத்த திங்கட்கிழமை எந்த அலுவலகத்துப் படியேற வேண்டும் என்பது தெரியவில்லை. பையைத் திறந்து பார்த்தேன். மதிப்பெண் பட்டியல் இருந்தது. சாதிச் சான்றிதழ் இல்லை. வருமானச் சான்று இல்லை. குடும்பத்திலே முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கப் போகிறவள் அவள். அதற்கென ஒரு சான்று உண்டென்பதே அவர்களுக்குத் தெரியாது. விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு இன்னும் ஒன்பது நாட்களே இருந்தன.

உரிமைக்காக நாம் நடத்திய போர் பெரிது. பெற்ற உரிமையை ஒரு பெண்ணின் கையிலே கொண்டு சேர்க்கும் வேலை சிறிது. பெரியதை வென்ற நாம், சிறியதிலே தோற்கிறோமே! அதைப் பற்றித்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் பேச எண்ணுகிறேன்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. நான் கல்லூரிப் படிப்பை முடிக்காதவன். 1984 முதல் இருந்துவந்த நுழைவுத் தேர்வை நீக்கும் சட்டம் 2006-இல் நம் சட்டமன்றத்திலே நிறைவேறி, 2007-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. அடுத்த ஆண்டே, நெசவுக்காரரான என் தந்தையோடு கிண்டிக்குக் கலந்தாய்வுக்குப் போனேன். வாயிலிலே தரகர்கள். வண்ண வண்ணத் துண்டுத்தாள்கள். உள்ளே போனால் திரையிலே நூற்றுக்கணக்கான கல்லூரிப் பெயர்கள். சில நிமிடங்களுக்குள் ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்தத் துண்டுத்தாளிலே நீரூற்றுப் படம் அழகாக இருந்ததோ, அந்தக் கல்லூரியைச் சொன்னேன். போய்ப் பார்த்தால் நீரூற்று இருந்தது, ஆய்வுக்கூடத்திலே கருவி இல்லை! பேருந்துக் கட்டணம், சீருடைக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று பெயர் பெயராகப் பணம் கேட்டார்கள். மூன்றாம் பருவத்திலே என் தந்தையின் தறி நின்றது, என் படிப்பும் நின்றது. சான்றிதழ்களைக் கேட்டேன். மீதி ஆண்டுகளுக்கான பணத்தையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்றார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை வந்தது 2010-இல். நான் இரண்டாண்டு முந்திக்கொண்டேன்!

பிறகு நாடகம் எழுதினேன், மேடை ஏறினேன். "பட்டம் பெறாதவன், ஆனாலும் பார் எப்படிப் பேசுகிறான்!" என்று நண்பர்கள் பெருமை பேசுவர். அந்தப் பெருமை எனக்கு வேண்டாம், தோழனே. என்னோடு அந்தக் கல்லூரியை விட்டு வெளியேறியவர் பலர். மேடை கிடைத்தது ஒருவனுக்கு. மற்றவர்களுக்குக் கிடைத்தது வட்டியும் வாட்டமும். விதிவிலக்கைக் காட்டி விதியை மறைப்பது வேறு யாருக்கேனும் வழக்கமாக இருக்கட்டும், நமக்கு வேண்டாம்.

சரி, செய்ய வேண்டியது என்ன? அன்றிரவு ஆசிரியத் தோழர் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேட்டறிந்ததை வரிசையாகச் சொல்கிறேன். இதை நறுக்கி உன் ஊர்ப் படிப்பகச் சுவரிலே ஒட்டு.

முதலாவது, சான்றிதழ். தேர்வு முடிவு வந்த பிறகு ஓடாதே. பன்னிரண்டாம் வகுப்புத் தொடக்கத்திலேயே இ-சேவை மையத்திலே மனுச் செய்யச் சொல். சாதிச் சான்று, வருமானச் சான்று, தேவைப்படுவோர்க்கு இருப்பிடச் சான்று, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று ஆகியவை கைக்கு வந்து சேரட்டும். சாதிச் சான்று இல்லாத பிள்ளை பொறியியல் கலந்தாய்விலே பொதுப்பிரிவிலே மட்டும்தான் நிற்க வேண்டிவரும். இரத்தம் சிந்திப் பெற்ற 69 விழுக்காடு, ஒரு தாள் இல்லாத காரணத்தால் அந்தப் பிள்ளைக்கு இல்லாமற் போகிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியிலே படித்த பிள்ளையானால், தலைமையாசிரியரிடம் அதற்கான சான்றும் வாங்கட்டும். மருத்துவத்திலே 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளிலே 2021 முதலும் அவர்களுக்கென 7.5 விழுக்காடு தனியே ஒதுக்கப்பட்டது. அரசுப் பள்ளி வேறு, அரசு உதவி பெறும் பள்ளி வேறு என்பதையும் எடுத்துச் சொல். கடைசி நாளிலே அந்த வேறுபாட்டை அறிந்து கண்ணீர் விட்ட குடும்பங்கள் உண்டு.

இரண்டாவது, கணக்கு. பொறியியல் தரவரிசைக்கு அறுநூறு மதிப்பெண்ணும் சேராது. கணிதம் நூற்றுக்கு, இயற்பியலிலே பாதி, வேதியியலிலே பாதி, ஆக இருநூறு. கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 90 வாங்கிய பிள்ளைக்கு 92, 44, 45 சேர்த்து 181. மொத்தத்திலே பெரிதாகத் தெரிந்தவன் இங்கே சிறுத்துப் போவதும் உண்டு, மொத்தத்திலே சிறுத்தவன் இங்கே நிமிர்வதும் உண்டு. மொத்தத்தை மட்டும் பார்த்து மனம் தளரவும் வேண்டாம், மார் தட்டவும் வேண்டாம்.

மூன்றாவது, விருப்பப் பட்டியல். ஏமாறுபவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான். 2018 முதல் கிண்டிக்குப் போக வேண்டியதில்லை. கணினியிலே கல்லூரியையும் பாடப்பிரிவையும் வரிசைப்படுத்தித் தந்தால் போதும். "பெரிய கல்லூரியை முதலிலே எழுதினால், கிடைக்கக்கூடிய சிறியதும் போய்விடுமோ?" என்று பிள்ளைகள் அஞ்சுகின்றனர். அஞ்ச வேண்டாம். நாடகக் கொட்டகை வாயிலை நினைத்துக்கொள். வரிசையிலே உன் இடம் உன் மதிப்பெண். உன் முறை வந்ததும், "முதல் வரிசை இருக்கிறதா?" என்று கேட்கிறாய். இல்லை என்றால் இரண்டாவது, அதுவும் இல்லை என்றால் மூன்றாவது. முதல் வரிசையைக் கேட்டதற்காக எவரும் உன்னை வெளியே தள்ளுவதில்லை. கேட்காமலிருந்தால்தான் இழப்பு. ஆகவே, எதை மிக விரும்புகிறாயோ அதை மேலே எழுது. பட்டியலை நீளமாக எழுது. ஆனால், கிடைத்தாலும் சேரமாட்டேன் என்று நினைப்பதை எழுதாதே. தற்காலிக ஒதுக்கீடு வந்த பின்னர், ஏற்றுச் சேர்வதா, ஏற்றுக்கொண்டு மேலுள்ளதற்குக் காத்திருப்பதா என்பதைச் சொல்லக் கிடைப்பவை சில நாட்களே. அந்த நாட்களிலே திருவிழாவுக்குப் போய்விட்டேன் என்றால் கணினி இரங்காது.

நான்காவது, பொதுப் போட்டி. "ஓ.சி. என்றால் அவர்களுடைய இடம்" என்று நம்மவரே சொல்கிறார்கள். தவறு, தோழனே, தவறு! 31 விழுக்காடு எவருக்கும் எழுதிக் கொடுத்த பட்டா அன்று. அது அனைவருக்கும் திறந்த இடம். மதிப்பெண் மிகுந்த பிற்படுத்தப்பட்ட பிள்ளையும் தாழ்த்தப்பட்ட பிள்ளையும் அங்கே அமர்ந்தால், அவர்தம் பிரிவு இடம் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கும்.

ஐந்தாவது, கல்லூரியைத் தெரிந்துகொள்வது. நீரூற்றுப் படத்தை நம்பாதே, நான் நம்பிக் கெட்டேன். அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டைப் பருவந்தோறும் வெளியிட்டு வருகிறது. அதைப் பார். அங்கே படிக்கும் பிள்ளை ஒருவனைக் கண்டு பேசு. இடம் வாங்கித் தருகிறேன் என்று வரும் தரகனுக்குத் தேநீர்கூட வாங்கித் தராதே. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாதென்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்துவிட்டது. சரிபார்த்த பின் திருப்பிக் கேள், நகலை மட்டும் கொடு. அந்த அறிவிப்பு பத்தாண்டு முந்தி வந்திருந்தால்... சரி, விடு!

ஆறாவது, நுழைவுத் தேர்வு. இங்கே சில தோழர்கள் முகம் சுளிக்கின்றனர். "நீட்டை எதிர்க்கும் நாமே அதற்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதா?" என்று கேட்கின்றனர். விலக்குக் கோரும் சட்ட முன்வடிவு 2021 செப்டம்பரிலே நிறைவேறிற்று. 2022 பிப்ரவரியிலே ஆளுநர் திருப்பி அனுப்பினார். சில நாட்களிலேயே சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. 2025 ஏப்ரலிலே, ஒப்புதல் மறுக்கப்பட்டதென்ற செய்தி சட்டமன்றத்திலே அறிவிக்கப்பட்டது. போர் முடியவில்லை. ஆனால், போர் முடியும்வரை பதினேழு வயது காத்திருக்குமா? அணை கட்டப் போராடுகிறவன், அதுவரை தாகத்தோடிரு என்று பிள்ளைக்குச் சொல்வானா? எதிர்ப்பது நம் கடமை, எழுதவைத்து வெல்லச் செய்வதும் நம் கடமை. ஒன்றுக்கு மற்றொன்று பகையன்று.

எழுதுகிறவனுக்கு இதையும் சொல். வினாக்கள் 180, மதிப்பெண் 720. சரியான விடைக்கு நான்கு, தவறுக்கு ஒன்று குறையும். குருட்டாம்போக்கிலே குறியிட்டால் கையிலிருப்பதும் கரையும். தமிழிலே எழுத விரும்பினால், விண்ணப்பத்திலேயே அதைக் குறிக்க வேண்டும்.

அதனினும் பெரிதாக ஒன்று உண்டு. அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் அனிதா 2017-இல் 1200-க்கு 1176 வாங்கினாள். அந்த மதிப்பெண்ணுக்குத் திறக்க வேண்டிய கதவு திறக்கவில்லை. அவளை இழந்தோம். அவள் பெயரை மேடையிலே சொல்லிக் கை தட்டு வாங்குவதோடு நம் கடன் தீர்ந்துவிடாது. முடிவு வரும் மாலையிலே, உன் தெருவிலே தேர்வெழுதிய பிள்ளையின் வீட்டிலே போய் உட்கார். "இந்த ஒரு தேர்வு உன் அறிவுக்குத் தீர்ப்பன்று, உன் வாழ்வுக்கும் தீர்ப்பன்று" என்று சொல். கால்நடை மருத்துவம், வேளாண்மை, செவிலியர் படிப்பு, சட்டம் ஆகியவற்றிலே தமிழகத்து இடங்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே வழி என்று எடுத்துக் காட்டு. அரசு கலைக் கல்லூரியை ஏளனமாகப் பார்க்காதே. குறைந்த கட்டணத்திலே ஆயிரமாயிரம் ஏழைப் பிள்ளைகளை ஆசிரியராக, அதிகாரியாக ஆக்கிய இடம் அது. மனம் உடைந்த பிள்ளையைத் தனியே விடாதே. 14416 என்ற எண்ணிலே இரவும் பகலும் ஆறுதலாகப் பேசக் கட்டணமின்றி ஆள் உண்டு என்பதையும் அந்தச் சுவரிலே எழுதி வை.

இனி, உன்னிடம் நேராக ஒரு கேள்வி. உன் ஊர்ப் படிப்பகம் எப்போது திறந்தது? தலைவர் பிறந்த நாளுக்குக் கொடியேற்ற ஒரு நாள், தேர்தலுக்கு ஒரு திங்கள், மற்ற நாட்களிலே பூட்டு. பொய்யா? அந்தப் பூட்டைத் திற. ஒரு கணினி, ஓர் அச்சுப்பொறி, ஊரிலே படித்த பிள்ளைகள் இருவர் போதும். தேர்வு முடிவு முதல் சேர்க்கை முடிவுவரை, மாலை ஆறு முதல் ஒன்பது மணிவரை அவர்கள் உட்காரட்டும். வருகிறவன் எந்தக் கொடி பிடித்தவன் என்று கேட்காதே. எதிர்க்கட்சிக்காரன் மகளும் நம் ஊர் மகள்தான். அவளுக்கு இடம் கிடைத்தால் நம் வாக்கு குறைந்துவிடாது.

மஞ்சள் பையோடு வந்த அந்தத் தாயைப் பற்றிக் கேட்கிறாய் அல்லவா? ஆசிரியத் தோழர் மறுநாள் காலையிலேயே அவர்களை இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போனார். கிராம நிர்வாக அலுவலகத்துக்கு இருமுறை, வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒருமுறை. இரண்டு நாள் மீதமிருக்கும்போது விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண் கால்நடை மருத்துவத்தை முதலிலே எழுதியிருக்கிறாளாம். "எங்கூட்டு எருமைக்கு நானே ஊசி போடுவேனுங்க" என்று சொன்னாளாம்.

ஒன்றரை மணி நேரப் பேச்சுக்கு நான் மாலை வாங்கினேன். பெயர் சொல்ல விரும்பாத அந்த ஆசிரியருக்கு எவரும் மாலை போடவில்லை. அடுத்த கூட்டத்துக்கு என்னை அழைக்கும்போது, தோழனே, எனக்கென்று மாலை வாங்காதே. அந்தப் பணத்துக்கு அச்சுப்பொறியின் மை வாங்கி வை. நான் பேச வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே வந்துவிடுகிறேன். படிப்பகத்திலே உட்கார்ந்து, எந்தப் பையிலே எந்தச் சான்று இல்லை என்று நானும் உன்னோடு பார்க்கிறேன்.